மீன் போனதா? நரம்பின் நுனியைப் பாருங்கள்

மீன் கழன்றதும் தூண்டில் நரம்பை இழுத்துச் சுருட்டி, வாய்க்கு வந்ததைத் திட்டிவிட்டு, அவசர அவசரமாக அடுத்த முள்ளைக் கட்டுவதுதான் வழக்கம். கட்டும் விதம் மாறாததால் அடுத்த மீனும் அதே வழியில் போய்விடும். கட்டுவதற்கு முன்னால் அறுந்த நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நகத்தால் ஒருமுறை தடவுங்கள். சுருண்டிருக்கிறதா? முடிச்சு இருந்த இடத்திலேயே பட்டென்று ஒடிந்திருக்கிறதா? வெளுத்துச் சொரசொரக்கிறதா? சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கிறதா? நான்கும் நான்கு கோளாறுகள். இவற்றில் முடிச்சைக் குற்றம் சொல்ல வேண்டியது முதல் இரண்டுக்கு மட்டும்.

சேர்வராயன் மலைப் பாதைகளில் நடப்பவர்கள், மேட்டூர் நீர்த்தேக்கக் கரையிலோ பூலாம்பட்டிப் பக்கம் காவிரியோரத்திலோ சுற்றுபவர்கள், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பையில் ஒரு சுருள் தங்கூசி நரம்பும் (ஒற்றை இழை நைலான்) நாலைந்து முள்ளும் போட்டுவைத்துவிட்டு அதைக் கட்டத் தெரியாமல் இருப்பவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவசரம் என்றதும் மீன் பிடிப்பதுதான் முதல் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். மழையில் நனைந்த உடம்புக்கு அங்கே பசியைவிடக் குளிர்தான் முதல் எதிரி. ஒதுங்க ஒரு இடம், உலர்ந்த துணி, குடிக்கத் தண்ணீர், இருந்த இடத்தைவிட்டு நகராமல் இருப்பது, சிக்னல் கிடைத்தால் 112 அவசர எண். இதெல்லாம் முடிந்த பிறகுதான் தூண்டில். சாப்பாடு இல்லாமல் நல்ல உடல்நிலையில் இருப்பவர் பல நாள் தாங்குவார். தவிர, மலை ஓடைகள் பலவும் கோடையில் வற்றிவிடும், தண்ணீர் ஓடும்போதும் அகப்படுவது பெரும்பாலும் விரல் நீள மீன்தான். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் மீன் பிடிப்பது குற்றம். மேட்டூர் அணையில் மீன்வளத் துறை உரிமம் வேண்டும். ஊர் ஏரிகள் பல குத்தகையில் இருக்கும், கேட்டுவிட்டுத்தான் கம்பை நீட்ட வேண்டும். பழகுவதற்கு இவை எதுவுமே தேவையில்லை. வீட்டுத் திண்ணையில் ஒரு ஷூ லேசும் சாவி வளையமும் போதும்.

எதைக் கட்டுவது

முடிச்சு வகைகளைத் தேடினால் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். கை நடுங்கும்போது, இருட்டும்போது, பயத்தில் இருக்கும்போது மூன்றுக்கு மேல் நினைவுக்கு வராது. என் கணக்கில் முள் கட்டப் பாலோமர், அது முடியாத இடத்தில் யூனி, நரம்போடு நரம்பு சேர்க்க சர்ஜன் முடிச்சு. இவ்வளவுதான். எல்லோரும் முதலில் சொல்லிக்கொடுப்பது கிளிஞ்ச் முடிச்சு. நல்ல முடிச்சுதான், ஆனால் புதியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். சுற்று ஒன்று குறைந்தால் வழுக்கும், பின்னல் நூலில் வழுக்கும், கடைசியில் நுனியைப் பெரிய வளையத்துக்குள் விட மறந்தாலும் வழுக்கும். கட்டி முடித்தபின் சரியா தவறா என்று பார்த்துக் கண்டுபிடிப்பதும் எளிதில்லை.

பாலோமர் அப்படியில்லை. நரம்பை ஒரு சாண் நீளத்துக்கு மடித்து இரட்டையாக்குங்கள். மடிந்த வளைவை முள்ளின் காதுக்குள், அதாவது தலையிலுள்ள ஓட்டைக்குள், நுழைத்து மறுபக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். அந்த இரட்டை நரம்பிலேயே சாதாரண ஒற்றை முடிச்சு ஒன்று போடுங்கள். இறுக்கக் கூடாது, முள் நடுவில் தொங்கட்டும். மிச்சமிருக்கும் வளையத்தை விரித்து முள்ளை முழுதாக அதற்குள் விட்டு எடுங்கள். தண்ணீரில் நனைத்து, நீள நரம்பையும் சின்ன நுனியையும் சேர்த்துப் பிடித்து மெதுவாக இழுங்கள். வளையம் காதுக்கு மேலே போய் உட்கார வேண்டும். முள்ளின் தண்டிலோ காதுக்குக் கீழேயோ அது மாட்டி நின்றால் தவறு, அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள்.

யூனிக்கு நுனியைக் காதுக்குள் விட்டு, நீள நரம்புக்கு இணையாக ஒரு சாண் திரும்பக் கொண்டுவாருங்கள். நுனியை முள்ளின் பக்கமாக மடித்து ஒரு வளையம் உண்டாக்குங்கள். இப்போது நுனி இரண்டு நரம்பையும் சேர்த்துச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த வளையத்துக்குள் புகுந்து வர வேண்டும். ஐந்து சுற்று. நுனியை இழுத்தால் சுற்றுகள் ஒன்றோடொன்று நெருங்கும். நனைத்து, நீள நரம்பை இழுத்தால் முடிச்சு வழுக்கிக்கொண்டு போய் முள்ளின் காதில் முட்டி நிற்கும்.

நுனி சுருள் சுருளாக இருக்கிறது, முள்ளைக் காணோம்

முடிச்சு அறுபடவில்லை, அவிழ்ந்திருக்கிறது. சுற்றுகள் ஒவ்வொன்றாக வழுக்கி வெளியே வந்ததன் தடம்தான் அந்தச் சுருள். புதியவர்கள் இழக்கும் மீனில் பெரும்பங்கு இந்த வழியில்தான் போகிறது, அதனால் இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கட்டிய முடிச்சைத் தண்ணீரில் போடுவதற்கு முன் இழுத்துப் பார்த்தீர்களா? பெரும்பாலும் பதில் இல்லை என்றுதான் இருக்கும். கையால் மெல்ல இறுக்கிய முடிச்சு உண்மையில் பாதிதான் இறுகியிருக்கும். மிச்சத்தை மீன் இழுத்து இறுக்கும்போது வழுக்கல் தொடங்கிவிடும். முள்ளை ஒரு ஆணியிலோ கிளையிலோ மாட்டி, நரம்பைக் கையில் துணி சுற்றிக்கொண்டு நிதானமாக, முடிச்சு அசைவது நிற்கும்வரை இழுங்கள். வெறுங்கையில் சுற்றி இழுக்காதீர்கள், தங்கூசி தோலை அறுக்கும். முள்ளையும் விரலில் பிடித்துக்கொண்டு இழுக்காதீர்கள், முடிச்சு விட்டால் முள் பாயும் இடம் உங்கள் கைதான்.

இழுத்துப் பார்த்தும் அவிழ்ந்ததென்றால் நுனியை எவ்வளவு ஒட்ட வெட்டினீர்கள் என்று யோசியுங்கள். அழகுக்காக முடிச்சோடு சேர்த்து வெட்டுகிறார்கள். மூன்று மில்லிமீட்டராவது விட்டு வைத்தால், முடிச்சு கொஞ்சம் நகர்ந்தாலும் நுனி உள்ளே போய்விடாது.

மூன்றாவது காரணம் சுற்றின் எண்ணிக்கை. மேட்டூரில் பரிசல் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "ஐயா, எத்தன சுத்துங்க போடணும்?" என்று கேட்டேன். "நரம்பப் பாத்துதான் தம்பி. தடி நரம்புக்கு நாலு போதும், அதுக்கு மேல போட்டா இறுகாது. சன்ன நரம்புக்கு ஆறு போடு. வழுவழுன்னு பின்னல் நூலா இருந்தா எட்டு." யூனி, கிளிஞ்ச் போன்ற சுற்று முடிச்சுகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

பின்னல் நூல் தனிக் கதை. கடையில் பல நிறத்தில் கிடைக்கும் அந்த நூல் வழுவழுப்பான பாலிஎத்திலின் இழைகளால் ஆனது. அதே தடிமனுள்ள தங்கூசியைவிட மிகவும் பலமானது, ஆனால் நைலான் கடித்துப் பிடிக்கும் இடத்தில் இது வழுக்கும். பின்னல் நூல் வைத்திருப்பவர்கள் வேறு யோசனையே இல்லாமல் பாலோமருக்கு மாறிவிடலாம்.

முடிச்சு இருந்த இடத்திலேயே ஒடிந்திருக்கிறது

நுனியில் சுருள் இல்லை, லேசாக நசுங்கியது போல ஒரு தடம் மட்டும் தெரிகிறது. இதற்கு இரண்டே காரணம்.

ஒன்று, உலர்ந்த நரம்பை வேகமாக இறுக்கியது. நைலான்மேல் நைலான் உரசும்போது அந்தச் சின்ன இடத்தில் சூடு பிறக்கும், நரம்பின் மேற்பரப்பு சேதமாகும். கண்ணுக்குப் புதிதாகத்தான் தெரியும், பலம் போயிருக்கும். நனைத்து, மெதுவாக இறுக்குவது என்பது சடங்கு இல்லை. எச்சில் போட்டு நனைப்பது பலருக்குப் பழக்கம். மலை ஓடையில் எப்படியோ, திருமணிமுத்தாறு போன்ற சாக்கடை கலக்கும் தண்ணீரில் கிடந்த நரம்பை வாயருகே கொண்டுபோக வேண்டாம். முடிச்சைத் தண்ணீரில் முக்கி எடுத்தாலே போதும்.

இன்னொன்று, சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. பாலோமரில் இரட்டை நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் பக்கம் பக்கமாகப் போக வேண்டும். யூனியில் சுற்றுகள் வரிசையாக அடுக்கி உட்கார வேண்டும். குறுக்கே ஏறிய நரம்பு இழுவையில் அடியிலிருக்கும் நரம்பை நசுக்கி அறுக்கும். இறுக்குவதற்கு முன் ஒரு நொடி பாருங்கள். ஏறியிருந்தால் முள் நுனியால் தளர்த்தி ஒழுங்குபடுத்துங்கள். இறுகிய பிறகு பார்த்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுவதுதான் வழி.

நுனி வெளுத்து, சொரசொரவென்று இருக்கிறது

இது பாறை வேலை. முடிச்சுக்கு மேலே ஒரு அடி, இரண்டு அடி வரை தடவிப் பாருங்கள், வழியெல்லாம் கீறல் இருக்கும். அந்த நீளத்தை முழுவதும் வெட்டி எறிந்துவிட்டுத்தான் முள் கட்ட வேண்டும். நரம்பு வீணாகிறதே என்று கீறல் பட்ட இடத்திலேயே கட்டினால், எந்த முடிச்சும் அதைக் காப்பாற்றாது.

ஏற்காட்டுக் கிளியூர் அருவிக்குக் கீழே உள்ளது போன்ற பாறைப் படுகைகளில் இது சாதாரணம். மேட்டூரில் காரணமே வேறு. 1934-ல் அணை முடிந்தபோது அடியில் போனது வெறும் நிலம் மட்டுமில்லை, ஊர்களும் கோயில்களும்தான். தண்ணீர் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டுவதைச் சேலத்துக்காரர்கள் பார்த்திருப்பார்கள். நீர்மட்டம் 120 அடியை எட்டும்போது அதெல்லாம் உங்கள் நரம்புக்கு அடியில் கிடக்கிறது. நரம்பில் கட்டிய ஈயம் அடியில் உரசாதபடி, மிதக்கும் தக்கையை முள்ளின் பக்கமாகக் கீழே தள்ளி வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

கெண்டையைவிடப் பெரியதொன்று இழுத்தது, நுனி சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கிறது

பல். வாளையின் வாயில் வரிசை வரிசையாகக் கூர்ப்பல், விராலுக்கும் பல் உண்டு. முள்ளுக்கு மேலே ஒரு முழம் தடித்த நரம்பைச் சேர்த்துக் கட்டினால் ஓரளவு தாங்கும். அவசரத்தில் இருப்பவர் வாளையைத் தேடிப் போக வேண்டியதும் இல்லை, சின்ன மீன் நாலு கிடைத்தால் போதும். கெளுத்தி வந்தால் கையை அதன் முதுகு முள்ளுக்கும் பக்க முள்ளுக்கும் எட்டாமல் வையுங்கள். தேளி என்றால் இன்னும் தூரம். வழி தெரியாத காட்டில் வீங்கிய கையோடு உட்கார்ந்திருப்பதைவிட மீனை விட்டுவிடலாம்.

முள்ளில் காதே இல்லை

சேலம் கடைகளில் சில்லறையாகக் கிடைக்கும் முள்களில் பல, தலை தட்டையாக நசுக்கப்பட்டவை, ஓட்டை இருக்காது. இதில் பாலோமரும் யூனியும் எடுபடா. நரம்பை முள்ளின் தண்டோடு ஒட்டி நீளவாக்கில் வைத்து, வளைவுக்குக் கிட்டே மடித்து, திரும்பத் தலைப் பக்கம் கொண்டுவாருங்கள். இப்போது தண்டின்மேல் ஒரு நீள வளையம் படுத்திருக்கும். நுனியால் தலைக்குக் கீழிருந்து தொடங்கி, தண்டையும் வளையத்தின் இரண்டு காலையும் சேர்த்து நெருக்கமாக ஏழு சுற்று சுற்றி வாருங்கள். கடைசியில் நுனியை வளையத்தின் வாய்க்குள் விட்டு, சுற்றுகளை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நீள நரம்பை இழுங்கள். வளையம் சுருங்கி நுனியைக் கவ்விக்கொள்ளும். பிறகு மொத்தக் கட்டையும் தலைவரைத் தள்ளி இறுக்குங்கள். நரம்பு தலையின் உட்பக்கமாக, அதாவது முள்முனை இருக்கும் பக்கமாக வெளியே வர வேண்டும். மறுபக்கமாக வந்தால் இழுக்கும்போது முள் மீன் வாயில் சரியாகத் திரும்பாது, தட்டைத் தலையின் ஓரமும் நரம்பைத் தேய்க்கும்.

முதல் நாலைந்து தடவை விரல் மடங்காது. இதை மட்டும் கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே கட்டி, ஒரு தெர்மாகோல் துண்டில் குத்தி எடுத்துப் போவது புத்திசாலித்தனம்.

நடுவழியில் அறுந்திருக்கிறது, முடிச்சு அப்படியே இருக்கிறது

நரம்பில் நீங்கள் போடாத முடிச்சு ஒன்று இருந்திருக்கும். காற்றடிக்கும்போது தளர்ந்த நரம்பு தானாகச் சுருண்டு ஒற்றை முடிச்சாக விழும். மேட்டூர்க் கரையில் ஆடிக் காற்றில் இது ஓயாத தொல்லை. ஒற்றை முடிச்சு நரம்பின் பலத்தில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும். ஒவ்வொரு முறை சுருட்டும்போதும் இரண்டு விரலுக்கிடையில் நரம்பை ஓடவிடுங்கள், புடைப்பு தட்டுப்படும். தளர்வாக இருந்தால் முள் நுனியால் அவிழ்க்கலாம். இறுகியிருந்தால் வெட்டிச் சேர்க்க வேண்டியதுதான்.

சேர்ப்பதற்கு சர்ஜன் முடிச்சு. இரண்டு நரம்பின் நுனிகளையும் எதிரெதிராக ஒரு சாண் நீளம் ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள். இரண்டையும் ஒன்றாகப் பாவித்து வளையம் போட்டு, அந்த வளையத்துக்குள் இரண்டு தடவை, பின்னல் நூலாக இருந்தால் மூன்று தடவை, சேர்த்து விட்டு எடுங்கள். நனைத்து நான்கு முனைகளையும் ஒரே நேரத்தில் இழுங்கள். தடிமன் வேறுபட்ட நரம்புகளுக்கும் இது பிடிக்கும். சேர்க்கும் ஒரு நரம்பு கையடக்கத் துண்டாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதை முழுதாக வளையத்துக்குள் விட்டு எடுக்க வேண்டும்.

வெட்டிய துண்டுகளைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நைலான் மக்காது. சேலம் மூக்கனேரி ஏரியின் திட்டுகளில் தங்கும் பறவைகளின் காலில் சிக்கினால் அது தானாகக் கழலாது.

நரம்பு கம்பிலிருந்து கழன்று வருகிறது

மூங்கில் கம்பின் நுனியில் மட்டும் கட்டினால் வழுவழுப்பில் உருவிக்கொண்டு வந்துவிடும், இல்லையென்றால் நுனியே ஒடியும். நரம்பைக் கம்பின் அடிப்பக்கம் ஒரு கணுவுக்கு மேலே கட்டி, கம்பைச் சுற்றி மேலே கொண்டுவந்து நுனியில் இன்னொரு கட்டுப் போடுங்கள். நுனி ஒடிந்தாலும் நரம்பு கையில் இருக்கும். கம்பே இல்லையா? காலி தண்ணீர் பாட்டில் போதும். பாட்டிலைச் சுற்றி நரம்பைக் கொண்டுவந்து, நுனியால் நீள நரம்பின்மேல் ஒற்றை முடிச்சு, நுனியிலேயே இன்னொரு ஒற்றை முடிச்சு. நீள நரம்பை இழுத்தால் முதல் முடிச்சு பாட்டிலோடு இறுகும், இரண்டாவது முடிச்சு வழுக்காமல் தடுக்கும். மிச்ச நரம்பை அதன்மேலேயே சுற்றிக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாகத்தான் கட்டினேன், பழைய நரம்பு பொட்டுப் பொட்டென்று போகிறது

முடிச்சு இல்லை, நரம்புதான் கெட்டுவிட்டது. நைலானை வெயில் கெடுக்கும். கார் கண்ணாடியோரம் வருடக்கணக்கில் கிடந்த சுருளை நம்பாதீர்கள். வெளிச் சுற்றுகளை உருவி எறிந்துவிட்டு உள்ளேயிருப்பதை இழுத்துப் பாருங்கள், அதுவும் போனால் சுருளையே மாற்றுங்கள்.

நரம்பே இல்லை

தையல் நூலை நாலைந்து இழையாகச் சேர்த்து முறுக்கலாம். வேலியோரக் கற்றாழை மடலைத் தட்டி நாரெடுத்து முறுக்கலாம், சாறு கையில் அரிக்கும், கழுவிக்கொள்ளுங்கள். இவை நைலானைப் போல வழுக்காது, அதனால் முடிச்சு பிடிப்பது எளிது. சிக்கல் வேறு இடத்தில்: இழை சின்ன வளைவில் ஒடியும், அதனால் சுற்று அதிகமுள்ள முடிச்சு வேண்டாம். பாலோமர் இங்கேயும் நிற்கும்.

முள்ளும் இல்லையென்றால் கட்டைவிரல் நகத்தளவுள்ள உறுதியான குச்சியை இரண்டு முனையும் கூராகச் சீவி, நடுவில் ஒரு சின்னப் பள்ளம் வெட்டி அங்கே நூலைக் கட்டுவது பழைய வழி. இரைக்குள் அதை நூலோடு நேராக ஒட்டி வைக்க வேண்டும். மீன் விழுங்கிய பிறகு இழுத்தால் குறுக்கே திரும்பி நிற்கும். கட்டு நடுவை விட்டு நகர்ந்தால் திரும்பாமல் வெளியே வந்துவிடும், அதனால்தான் பள்ளம்.

முடிச்சு நிற்கிறது, நரம்பு நிற்கிறது, இரை மட்டும் காணாமல் போகிறது

முள் பெரிது. கெண்டைக் குஞ்சின் வாய்க்கும் ஜிலேபி மீனின் வாய்க்கும் கடையிலிருப்பதிலேயே சின்ன முள்தான் பொருந்தும். நாக்குப்பூச்சியை (மண்புழுவை) முழுதாக மாட்டாமல் துண்டாக்கி, முள்முனையை மூடும் அளவுக்கு மட்டும் மாட்டுங்கள்.

அவசரத்தில் ஒரு தூண்டிலைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது உடம்பின் சூட்டையும் பலத்தையும் செலவழிக்கிற வேலை. நாலைந்து நரம்பைக் கரையோரக் கிளைகளில் கட்டி விட்டுவிட்டு ஒதுங்கிடத்துக்குப் போய்விடுங்கள். வளையக்கூடிய பச்சைக் கிளையாகப் பாருங்கள், மீன் துள்ளும்போது கிளை வளைந்து கொடுத்தால் முடிச்சில் விழும் அதிர்ச்சி குறையும். காய்ந்த கிளையிலும் பாறையிலும் கட்டிய நரம்புதான் முதலில் அறும். கிளையை இரண்டு முறை சுற்றி, நீள நரம்பின்மேல் யூனி போட்டால் இறுகி நிற்கும். கட்டிய இடங்களை ஏதாவது அடையாளம் வைத்து நினைவில் கொள்ளுங்கள். பூலாம்பட்டி போல அணைக்குக் கீழே உள்ள கரையாக இருந்தால் மேடான இடத்தில் மட்டும் நில்லுங்கள். வழக்கமாக ஜூன் 12 என்று பாசனத் திறப்புக்கு நாள் குறித்திருந்தாலும், மழைக்காலத்தில் உபரி நீரை எப்போது வேண்டுமானாலும் திறப்பார்கள். காவிரி ஏறத் தொடங்கினால் தூண்டிலை அங்கேயே விட்டுவிட்டு மேலே ஏறுங்கள்.